உரிமம் தருவதாக வாக்களித்தவர் விற்பனைக்குத் தடை கேட்கலாமா? தரநிலைக் காப்புரிமை வழக்குகளுக்கு ஒப்பந்தம் போடும் கட்டு

2012 மே 2 அன்று ஜெர்மனியின் மான்ஹைம் நீதிமன்றம், மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360 விளையாட்டுக் கருவியையும் விண்டோஸ் 7 இயங்குதளத்தையும் அந்நாட்டில் விற்கத் தடை விதித்தது. வழக்கில் வென்றது மோட்டோரோலா. ஆனால் வென்ற தடையை அதனால் நடைமுறைப்படுத்த முடியவில்லை. ஜெர்மனியில் தடையாணை கிடைத்தாலும் அதைச் செயல்படுத்தக் கூடாது என்று, சில வாரங்களுக்கு முன்பே அமெரிக்காவின் சியாட்டில் நகர நீதிபதி ஒருவர் மோட்டோரோலாவுக்கு உத்தரவிட்டிருந்தார். அதற்கு அவர் ஆதாரமாகக் கொண்டது ஓர் ஒப்பந்தம். அந்த ஒப்பந்தத்தில் மைக்ரோசாஃப்ட் கையெழுத்திட்டிருக்கவே இல்லை.

செல்பேசி நிறுவனங்களின் காப்புரிமை வழக்குகள் செய்தியில் வரும்போதெல்லாம் வாசகர்களைக் குழப்புவது இந்த முடிச்சுதான். நியாயமான விலைக்கு எல்லோருக்கும் உரிமம் தருவதாக எழுதிக் கொடுத்த நிறுவனம், அதே காப்புரிமையைக் காட்டி ஒரு போனின் விற்பனையை நிறுத்தக் கோருவது எப்படி? ஒரு நாட்டு நீதிமன்றம் அதை அனுமதிக்கும்போது இன்னொரு நாட்டு நீதிமன்றம் தடுப்பது எப்படி? பதில், அந்த எழுதிக் கொடுத்த தாளில் என்ன இருக்கிறது என்பதிலும், என்ன இல்லை என்பதிலும் இருக்கிறது.

அடிப்படை: தரநிலையும் காப்புரிமையும்

உங்கள் போன் எந்த வைஃபை கருவியோடும் பேசுகிறது. எந்த நாட்டுக்குப் போனாலும் அங்குள்ள கோபுரத்தோடு இணைகிறது. எல்லாத் தயாரிப்பாளர்களும் ஒரே தொழில்நுட்ப விதிகளைப் பின்பற்றுவதால்தான் இது நடக்கிறது. அந்த விதித் தொகுப்புக்குப் பெயர் தரநிலை. வைஃபைக்கான 802.11 தரநிலையை ஐ.இ.இ.இ. என்னும் பொறியாளர் அமைப்பு வகுக்கிறது. காணொளியைச் சுருக்கும் எச்.264 தரநிலை, ஜெனீவாவில் உள்ள சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பங்களிப்போடு உருவானது. 3ஜி, 4ஜி, 5ஜி தரநிலைகளில் காப்புரிமை உறுதிமொழிகளைப் பெரும்பாலும் பெற்று வைத்திருப்பது, பிரான்சின் சோஃபியா ஆன்டிபோலிஸில் 1988-ல் தொடங்கப்பட்ட எட்சி என்னும் ஐரோப்பிய அமைப்பு.

இந்தத் தரநிலைகளுக்குள் ஆயிரக்கணக்கான கண்டுபிடிப்புகள் இருக்கின்றன. அவற்றில் பலவற்றுக்குக் காப்புரிமை உண்டு. தரநிலையைப் பின்பற்றும் எவரும் மீறாமல் இருக்கவே முடியாத காப்புரிமைக்கு 'தரநிலைக்கு இன்றியமையாத காப்புரிமை' என்று பெயர். இதையே இந்தக் கட்டுரையில் தரநிலைக் காப்புரிமை என்கிறேன்.

சாதாரணக் காப்புரிமைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு முக்கியமானது. ஒரு கேமரா நிறுவனம் தன் லென்ஸ் நுட்பத்தைத் தர மறுத்தால், போட்டியாளர் வேறு நுட்பத்தைத் தேடிக்கொள்ளலாம். 4ஜி தரநிலையின் ஒரு பகுதிக்கு உரிமம் கிடைக்காவிட்டால் அப்படி மாற்று வழி எதுவும் இல்லை. 4ஜி போனே தயாரிக்க முடியாது. தரநிலை முடிவாகும் முன் அந்த நுட்பத்துக்குப் போட்டியாகப் பத்து நுட்பங்கள் இருந்திருக்கலாம். முடிவான மறுநாள் அது ஒன்றுதான் வழி. கண்டுபிடிப்பின் மதிப்போடு, தேர்ந்தெடுக்கப்பட்டதால் வந்த பலமும் அதன் உரிமையாளர் கையில் சேர்ந்துவிடுகிறது.

உறுதிமொழி: எழுதியதும் எழுதாததும்

இந்தப் பலத்துக்குக் கடிவாளமாகத்தான் தரநிலை அமைப்புகள் உறுப்பினர்களிடம் உறுதிமொழி வாங்குகின்றன. உரிமம் நியாயமான, பொருத்தமான, பாரபட்சமற்ற நிபந்தனைகளில் தரப்படும் என்பதே அதன் சாரம். உலகம் முழுதும் இதை ஃபிராண்ட் உறுதிமொழி என்கிறார்கள். எட்சியின் விதிகளில் 6.1-ஆம் பிரிவு, இத்தகைய உரிமம் தரத் தயார் என்று திரும்பப்பெற முடியாத எழுத்துப்பூர்வ உறுதியைக் கோருகிறது. அந்த விதிகளுக்கு பிரெஞ்சுச் சட்டம் பொருந்தும் என்று 12-ஆம் பிரிவு சொல்கிறது.

விலை எவ்வளவு? எழுதப்படவில்லை. அதை யார் தீர்மானிப்பது? எழுதப்படவில்லை. பேச்சுவார்த்தை முறிந்தால் உரிமையாளர் நீதிமன்றத்தில் தடையாணை கேட்கலாமா? அதுவும் எழுதப்படவில்லை. கடந்த பதினைந்து ஆண்டுகளின் பெரிய வழக்குகள் பலவும் இந்தக் கடைசி மௌனத்துக்குப் பொருள் காணும் முயற்சிகள்தான். அதை மூன்று விதமாக வாசிக்க முடியும்.

1. உறுதிமொழி தந்த அன்றே தடை கேட்கும் உரிமை முற்றாகக் கைவிடப்பட்டது. இனி பணம் மட்டும்தான் கேட்கலாம்.
2. உறுதிமொழி விலையைப் பற்றியது மட்டுமே. தடை கேட்கும் உரிமைக்கும் அதற்கும் தொடர்பில்லை.
3. உரிமை இருக்கிறது, ஆனால் நிபந்தனையோடு. உரிமையாளர் முதலில் நல்லெண்ணத்தோடு பேசி, ஏற்கத்தக்க உரிமத்தை முன்வைக்க வேண்டும். அதற்குப் பிறகும் எதிர்த்தரப்பு வாங்க மறுத்தால் தடை கேட்கலாம்.

முதல் வாசிப்பை ஏற்றால், பணம் தராமல் ஆண்டுக்கணக்கில் இழுத்தடிக்கும் தயாரிப்பாளருக்கு எந்த அச்சமும் இருக்காது. தோற்றாலும், முதலிலேயே தந்திருக்க வேண்டிய தொகையைத்தானே தரப்போகிறார். இரண்டாவதை ஏற்றால் உறுதிமொழி வெற்றுத்தாள் ஆகிவிடும். விற்பனை நின்றுவிடும் என்ற அச்சத்தில் தயாரிப்பாளர் எந்த விலைக்கும் தலையாட்டுவார். பெரும்பாலான நீதிமன்றங்கள் ஏதோ ஒரு வடிவில் மூன்றாவதற்கே வந்து சேர்ந்திருக்கின்றன. எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. ஆனால் 'நல்லெண்ணம்' இருந்ததா என்பதை யார், எந்த அளவுகோலால் முடிவுசெய்வது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. அங்கேதான் நாட்டுக்கு நாடு பாதைகள் பிரிகின்றன.

மோட்டோரோலா வழக்கு: வழக்குப் போட்டதே ஒப்பந்த மீறல்

2010 அக்டோபரில் மோட்டோரோலா மைக்ரோசாஃப்டுக்கு இரண்டு கடிதங்கள் அனுப்பியது. ஒன்று 802.11 காப்புரிமைகளுக்கு, மற்றொன்று எச்.264 காப்புரிமைகளுக்கு. இரண்டிலும் கேட்கப்பட்டது, விற்கும் பொருளின் முழு விலையில் 2.25 சதவீதம். 1,000 டாலர் மடிக்கணினியில் காணொளி நுட்பம் ஒரு சிறு பகுதிதான் என்றாலும், கணக்கு முழுக் கணினியின் விலை மீது, அதாவது 22.50 டாலர். இப்படிப் போனால் ஆண்டுக்கு 400 கோடி டாலருக்கு மேல் ஆகும் என்றது மைக்ரோசாஃப்ட்.

அதே ஆண்டு நவம்பரில் மைக்ரோசாஃப்ட் சியாட்டில் நீதிமன்றத்துக்குப் போனது. அது வைத்த வாதம் காப்புரிமை பற்றியது அல்ல, ஒப்பந்த மீறல் பற்றியது. மோட்டோரோலா ஐ.இ.இ.இ.க்கும் தொலைத்தொடர்பு ஒன்றியத்துக்கும் கொடுத்த உறுதிமொழிகள் ஒப்பந்தங்கள். அவற்றின் பயன் தரநிலையைக் கையாளும் எல்லோருக்கும் உரியது. ஆகவே பயனாளியான எங்களுக்கு அவற்றை வலியுறுத்தும் உரிமை உண்டு என்றது. ஓர் ஒப்பந்தம் இருவருக்குள் ஆனது என்றாலும், அதனால் பயன்பெற வேண்டிய மூன்றாம் நபர் அதை நீதிமன்றத்தில் நிலைநாட்டலாம் என்பது அமெரிக்கச் சட்டத்தில் வேரூன்றிய கொள்கை. நீதிபதி ஜேம்ஸ் ரோபார்ட் அதை ஏற்றார்.

அது நடந்துகொண்டிருக்கும்போதே, 2011-ல் மோட்டோரோலா ஜெர்மனியில் எச்.264 காப்புரிமைகளை வைத்துத் தடைகோரி வழக்குத் தொடுத்தது. அமெரிக்க நீதிமன்றம் ஒப்பந்தக் கேள்விக்கு விடைகாணும் முன், ஜெர்மன் தடையைக் காட்டி மைக்ரோசாஃப்டைப் பணிய வைக்க முடியும் என்ற நிலை. இதனால்தான் ரோபார்ட் 2012 ஏப்ரலில் அந்தத் தடையைச் செயல்படுத்தக் கூடாது என்றார். மோட்டோரோலாவுக்கு இழப்பு நேர்ந்தால் ஈடுகட்ட, மைக்ரோசாஃப்ட் 10 கோடி டாலருக்குப் பிணை கட்டியது.

கவனியுங்கள்: ஜெர்மன் நீதிமன்றமும் அதே உறுதிமொழியைப் படித்தது. ஆனால் அதன் பார்வையில், மைக்ரோசாஃப்ட் நேரடியாக வலியுறுத்தக்கூடிய ஒப்பந்தம் எதுவும் அதிலிருந்து பிறக்கவில்லை. சொற்கள் ஒன்றே. படித்த சட்டம் வேறு.

2012 செப்டம்பரில் அமெரிக்காவின் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் ரோபார்ட்டின் உத்தரவை உறுதிசெய்தது. எண்ணிக்கை வரம்பின்றி எல்லோருக்கும் உரிமம் தருவேன் என்ற அவ்வளவு விரிந்த வாக்குறுதிக்குள், தடையாணை போன்றவற்றால் பயன்பாட்டை நிறுத்த முயல மாட்டேன் என்ற உத்தரவாதமும் அடங்கியிருப்பதாக வாதிடவாவது இடமுண்டு என்றது அந்தத் தீர்ப்பு. எழுதப்படாத கட்டுப்பாட்டை எழுதப்பட்ட வாக்கிலிருந்து வருவித்த இடம் இது.

பிறகு விலை. 2013 ஏப்ரலில் ரோபார்ட் 200 பக்கங்களுக்கு மேல் நீளும் தீர்ப்பில் கணக்குப் போட்டுக் காட்டினார். எச்.264-க்கு ஒரு கருவிக்கு 0.555 சென்ட். வைஃபைக்கு எக்ஸ்பாக்ஸ் ஒன்றுக்கு 3.471 சென்ட். 22.50 டாலர் கேட்ட இடத்தில் ஒரு சென்ட்டுக்கும் குறைவு. தடையாணையின் நிழலில் கேட்கப்படும் விலைக்கும், நுட்பத்தின் மதிப்பை மட்டும் பார்த்துப் போடும் விலைக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

அதே ஆண்டு செப்டம்பரில் ஜூரி, மோட்டோரோலா ஒப்பந்தத்தை மீறியதாக முடிவுசெய்து 1.45 கோடி டாலர் இழப்பீடு விதித்தது. இதன் கணக்கைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சுமார் 1.15 கோடி டாலர், ஜெர்மன் தடைக்கு அஞ்சி மைக்ரோசாஃப்ட் தன் விநியோகக் கிடங்கை நெதர்லாந்துக்கு மாற்றிய செலவு. மீதி, தடைகோரிய வழக்குகளை எதிர்கொண்ட வழக்கறிஞர் கட்டணம். அதாவது வழக்குத் தொடுத்த செயலுக்கே விலை கட்டப்பட்டது.

நீதிமன்றத்தை அணுகுவது அரசியல் சாசனம் காக்கும் உரிமை, அதற்காக எங்களைத் தண்டிக்கலாமா என்று மோட்டோரோலா மேல்முறையீட்டில் கேட்டது. 2015 ஜூலையில் வந்த பதில்: வழக்குத் தொடுக்க மாட்டேன் என்று ஒப்பந்தத்தில் வாக்களித்தவர், அந்த வாக்கை மீறிவிட்டு அந்த உரிமையின் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது. உரிமையை விட்டுக்கொடுத்தது நீதிமன்றம் அல்ல, அவரே.

எழுதிப் பார்த்த ஓர் அமைப்பு

மௌனம் இத்தனை சிக்கலைத் தந்தால், கட்டுப்பாட்டை வெளிப்படையாகவே எழுதிவிடலாமே? ஐ.இ.இ.இ. அதைச் செய்தது. 2015 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த அதன் புதிய விதி இப்படிப் போகிறது: உறுதிமொழி தந்த உரிமையாளர் தடையாணை கேட்கவும் கூடாது, கிடைத்ததைச் செயல்படுத்தவும் கூடாது. ஒரே ஒரு விலக்கு. உரிமத்தின் நிபந்தனைகளை முடிவுசெய்யும் வழக்கில் தயாரிப்பாளர் பங்கேற்க மறுத்தால், அல்லது முதல் மேல்முறையீடு முடிந்த பின்னும் தீர்ப்புக்குக் கட்டுப்படாவிட்டால், அப்போது தடை கேட்கலாம்.

இந்த வரைவின் தெளிவை நான் மதிக்கிறேன். 'நல்லெண்ணம்', 'விருப்பமுள்ளவர்' போன்ற வழுக்கும் சொற்களை நம்பாமல், யாராலும் சரிபார்க்கக்கூடிய இரண்டு நிகழ்வுகளோடு உரிமையைக் கட்டியது அது. வழக்குக்கு வந்தாரா? தீர்ப்பை ஏற்றாரா? அமெரிக்க நீதித்துறை அமைச்சகமும் அந்த விதியை எதிர்க்கப் போவதில்லை என்று 2015 பிப்ரவரியில் கடிதம் தந்திருந்தது.

ஆனால் குவால்காம், எரிக்சன், நோக்கியா, இன்டர்டிஜிட்டல் போன்ற பெரிய உரிமையாளர்கள் எதிர்த்தார்கள். புதிய விதியின் கீழ் உறுதிமொழி தர முன்னணி நிறுவனங்கள் மறுத்தன. அவர்கள் வாதத்தை எளிதில் தள்ள முடியாது. விசாரணையும் மேல்முறையீடும் முடிய ஐந்தாறு ஆண்டுகள் ஆகலாம். அதுவரை ஒரு பைசா தராமல் பொருளை விற்கலாம் என்றால், தாமதிப்பதே தயாரிப்பாளருக்கு லாபம். 2020-ல் நீதித்துறை அமைச்சகமே தன் பழைய கடிதத்தின் தொனியை மாற்றிக்கொண்டது. 2022-ல் ஐ.இ.இ.இ. விதியைத் தளர்த்தியது; 2023 ஜனவரி முதல் தளர்ந்த வடிவம்தான் நடைமுறை.

என் பார்வையில், அந்த விதியின் குறை அது தடையைக் கட்டியது அல்ல. பணத்துக்கு எந்தக் கட்டும் போடாமல் விட்டதுதான். தீர்ப்பு வரும் வரை தடை இல்லை என்று எழுதியபோதே, தீர்ப்பு வரும் வரை ஒரு தொகையைத் தயாரிப்பாளர் பொதுக் கணக்கில் வைப்பீடு செய்ய வேண்டும் என்றும் எழுதியிருந்தால், எதிர்ப்பின் மிகப் பெரிய காரணம் வலுவிழந்திருக்கும்.

ஐரோப்பாவின் வழி

ஐரோப்பிய நீதிமன்றம் ஒப்பந்தத்தை விட்டு, போட்டிச் சட்டத்தின் வழியே வந்தது. சந்தையில் ஆதிக்கம் உள்ளவர் அதைத் தவறாகப் பயன்படுத்தக் கூடாது என்ற விதியிலிருந்து, 2015 ஜூலையில் ஹுவாவே–இசட்.டி.இ. வழக்கில் ஒரு நடைமுறையை வகுத்தது.

1. வழக்குக்கு முன், எந்தக் காப்புரிமை எவ்வாறு மீறப்படுகிறது என்று உரிமையாளர் தெரிவிக்க வேண்டும்.
2. ஃபிராண்ட் நிபந்தனைகளில் உரிமம் வாங்க விருப்பம் என்று தயாரிப்பாளர் சொல்ல வேண்டும்.
3. உரிமையாளர் தொகையையும் அதைக் கணக்கிட்ட விதத்தையும் குறிப்பிட்டு எழுத்தில் முன்மொழிய வேண்டும்.
4. தயாரிப்பாளர் காலம் கடத்தாமல் பதிலளிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் உடனே எதிர்முன்மொழிவு தர வேண்டும்.
5. அதுவும் மறுக்கப்பட்டால், பொருளை ஏற்கெனவே விற்றுக்கொண்டிருப்பவர் வங்கி உத்தரவாதமோ வைப்பீடோ தர வேண்டும்.

படிக்க ஒழுங்காக இருக்கிறது. நடைமுறையில் எல்லாமே இரண்டாம் படியில் போய்ச் சிக்கிக்கொண்டது. 2020 மே மாதம் ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம், சிஸ்வெல்–ஹையர் வழக்கில், தயாரிப்பாளரின் விருப்பம் தெளிவானதாகவும் நிபந்தனையற்றதாகவும் இருக்க வேண்டும் என்றது. அதற்குப் பிறகு ஜெர்மன் நீதிமன்றங்களில் முதலில் அளக்கப்படுவது தயாரிப்பாளரின் நடத்தை. அதில் தவறினால் உரிமையாளரின் முன்மொழிவு நியாயமானதா என்ற ஆய்வே பல நேரங்களில் பின்னுக்குப் போய்விடுகிறது.

பிரிட்டன் மறுபடி ஒப்பந்தத்துக்கே திரும்பியது, ஆனால் வேறொரு கோணத்தில். அன்வயர்டு பிளானட் என்ற நிறுவனம் எரிக்சனிடமிருந்து வாங்கிய காப்புரிமைகளை வைத்து ஹுவாவே மீது வழக்குத் தொடுத்திருந்தது. காப்புரிமை கைமாறினாலும் உறுதிமொழி அதோடு கூடவே போகிறது என்பதை நினைவில் வையுங்கள். 2020 ஆகஸ்ட் 26 அன்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் சொன்னது: எட்சி விதிகள் உருவாக்கிய ஒப்பந்த ஏற்பாடே, உலகம் முழுவதற்குமான உரிம விலையை எங்கள் நீதிமன்றம் நிர்ணயிக்க இடம்தருகிறது, அந்த உரிமத்தை ஏற்காவிட்டால் பிரிட்டனில் விற்பனைக்குத் தடை. அதே நாளில் சேர்த்துத் தீர்க்கப்பட்ட, கான்வர்சன்ட் என்ற இன்னொரு காப்புரிமை உரிமையாளர் தொடுத்த வழக்கில், கணக்கில் வந்த ஹுவாவேயின் உலக விற்பனையில் பிரிட்டனின் பங்கு வெறும் 1 சதவீதம். அந்த 1 சதவீதச் சந்தையை இழப்பதா, உலகம் முழுவதற்கும் கட்டணம் தருவதா என்ற தேர்வை ஒரு நாட்டு நீதிமன்றம் வைக்க முடியும் என்று ஆயிற்று.

ஆக, மோட்டோரோலா வழக்கில் உரிமையாளரின் கையைக் கட்டிய அதே வகை ஒப்பந்தம், லண்டனில் தயாரிப்பாளரை உலக உரிமத்துக்குள் கொண்டுவரும் கருவியானது.

2024-ன் திருப்பம்: எரிக்சன்–லெனோவோ

5ஜி காப்புரிமைகள் தொடர்பாக எரிக்சன் 2023 அக்டோபரில் லெனோவோ மீது அமெரிக்காவின் வட கரோலினாவில் வழக்குத் தொடுத்தது. கூடவே பிரேசிலிலும் கொலம்பியாவிலும் இடைக்காலத் தடைகளையும் பெற்றது. அந்தத் தடைகளைச் செயல்படுத்தாமல் எரிக்சனைத் தடுக்குமாறு லெனோவோ கேட்டது. மாவட்ட நீதிமன்றம் மறுத்தது. 2024 அக்டோபர் 24 அன்று காப்புரிமைகளுக்கான கூட்டாட்சி வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த மறுப்பை ரத்துசெய்து, மறுபரிசீலனைக்குத் திருப்பியனுப்பியது.

அதன் தர்க்கம் மேலே சொன்ன மூன்றாவது வாசிப்பை நேராக ஏற்கிறது. எட்சி உறுதிமொழி தந்தவர், நல்லெண்ணத்தோடு பேசும் தன் கடமையை முதலில் நிறைவேற்றாமல் தடை கோரக் கூடாது. எனவே கடமை நிறைவேறியதா என்ற கேள்விக்கு அமெரிக்க நீதிமன்றம் தரும் விடை, எந்த நாட்டிலும் தடை கேட்கும் உரிமையைத் தீர்மானிக்கும். 2012-ல் 'வாதிட இடமுண்டு' என்ற அளவில் இருந்தது, இங்கே நிபந்தனையாகவே உறுதிப்பட்டது. 2025 ஏப்ரலில் இரு நிறுவனங்களும் சமரசம் செய்துகொண்டு, மீதிப் பிரச்சினைகளை நடுவர் தீர்ப்புக்கு விட்டன. அதனால் கடமை நிறைவேறியதா என்ற கேள்விக்கு அந்த வழக்கில் கடைசி விடை வரவில்லை.

கட்டணமில்லாத் தரநிலைகளில் வேறு ஏற்பாடு

எல்லாத் தரநிலைகளும் காசு கேட்பதில்லை. ஏவி1 என்ற காணொளித் தரநிலையை உருவாக்கிய நிறுவனங்கள் அதற்கான தங்கள் காப்புரிமைகளுக்குக் கட்டணமின்றி உரிமம் தருகின்றன. அதன் உரிமப் பத்திரத்தில் வழக்குக்கான கட்டு வெளிப்படையாகவே இருக்கிறது: ஏவி1-ஐப் பயன்படுத்துவது உன் காப்புரிமையை மீறுகிறது என்று நீ வழக்குத் தொடுத்தால், மற்றவர்களின் காப்புரிமைகள் மீது உனக்குக் கிடைத்த உரிமம் அந்த நொடியே போய்விடும். வழக்குத் தொடுப்பதை இது தடைசெய்யவில்லை. அதன் விலையை உயர்த்துகிறது. ஏவி1-ஐத் தானே பயன்படுத்தும் நிறுவனத்துக்குத்தான் இந்தக் கட்டு உறைக்கும். எதையும் தயாரிக்காமல் காப்புரிமைகளை மட்டும் வைத்திருப்பவருக்கு இழக்க ஏதும் இல்லை.

இந்தியாவில் நிலை என்ன?

இந்தியாவில் மைக்ரோசாஃப்ட் போன வழி எளிதாகத் திறக்காது. ஒப்பந்தத்தில் இடம்பெறாத மூன்றாம் நபர் அதை வலியுறுத்த முடியாது என்பது இங்கே பொது விதி. அறக்கட்டளை, குடும்ப ஏற்பாடு போன்ற விலக்குகள் மட்டுமே உண்டு என்று உச்ச நீதிமன்றம் எம்.சி. சாக்கோ வழக்கில் 1969-லேயே சொல்லிவிட்டது. பிரிட்டன் 1999-ல் தனிச் சட்டம் இயற்றி மூன்றாம் நபருக்கு உரிமை தந்தது. நாம் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தோடே இருக்கிறோம். எட்சி உறுதிமொழிக்கு பிரெஞ்சுச் சட்டம் பொருந்தும் என்று காட்டி வாதிடலாம். அது நீண்ட பாதை.

போட்டிச் சட்டத்தின் வழியும் குறுகிவிட்டது. மைக்ரோமேக்ஸ் புகாரின் பேரில் எரிக்சனை விசாரிக்கத் தொடங்கிய இந்தியப் போட்டி ஆணையத்துக்கு அந்த அதிகாரம் இல்லை, காப்புரிமைச் சட்டமே மேலோங்கும் என்று டெல்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு 2023 ஜூலையில் தீர்ப்பளித்தது.

மிஞ்சியிருப்பது காப்புரிமை வழக்கு மட்டும். அதில் டெல்லி உயர் நீதிமன்றம் வளர்த்திருக்கும் வழக்கத்தின் மையம் வைப்பீடு.

1. இன்டெக்ஸ்–எரிக்சன் மேல்முறையீட்டில் 2023 மார்ச்சில், நல்லெண்ணக் கடமை இரு தரப்புக்கும் உண்டு, தரநிலைக் காப்புரிமையிலும் இடைக்காலத் தடை சாத்தியம், முழுத் தொகுப்பையும் அல்லாமல் ஒரு காப்புரிமையின் மீறலைக் காட்டினாலே போதும் என்று அமர்வு சொன்னது.
2. நோக்கியா–ஓப்போ வழக்கில் 2023 ஜூலையில், நோக்கியாவோடு செய்த 2018 ஒப்பந்தப்படி ஓப்போ கடைசியாகத் தந்த தொகையில் இந்திய விற்பனைக்குரிய 23 சதவீதத்தை நீதிமன்றத்தில் கட்டச் சொன்னது. விசாரணைக்கு முன்பே, மீறல் நடந்ததா என்ற ஆழமான ஆய்வுக்குள் போகாமலே வந்த உத்தரவு அது.
3. லாவா–எரிக்சன் வழக்கில் 2024 மார்ச்சில், முழு விசாரணைக்குப் பின் லாவா 244 கோடி ரூபாய் தர வேண்டும் என்று தீர்ப்பானது. எரிக்சன் முன்வைத்த எட்டுக் காப்புரிமைகளில் ஒன்று செல்லாது என்றும் அதே தீர்ப்பு கண்டது.

நீதிமன்றங்களுக்கு இடையிலான மோதலும் நம் வாசலுக்கு வந்துபோனது. 2020 செப்டம்பரில் சீனாவின் வூஹான் நீதிமன்றம், சியோமி மீது டெல்லியில் தொடுத்த வழக்கை நடத்தக் கூடாது என்று இன்டர்டிஜிட்டலுக்கு உத்தரவிட்டது. அந்த உத்தரவைச் செயல்படுத்தக் கூடாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் அக்டோபரில் சியோமிக்கு உத்தரவிட்டு, 2021 மே மாதம் அதை உறுதிசெய்தது. இந்தியக் காப்புரிமை பற்றி இந்திய நீதிமன்றத்துக்கு வருவதைத் தடுக்க இன்னொரு நாட்டுக்கு அதிகாரமில்லை என்பது அதன் நிலைப்பாடு. அந்த நிலைப்பாட்டில் நியாயம் இருக்கிறது. ஆனால் சியாட்டிலில் நடந்ததற்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. ரோபார்ட்டின் உத்தரவு, எரிக்சன்–லெனோவோ தீர்ப்பு இரண்டும் உரிமையாளர் தானே தந்த வாக்கின் மீது நின்றன. வூஹான் உத்தரவோ, அங்கே நடக்கும் விலை நிர்ணய வழக்கைப் பாதுகாப்பதற்காக வந்தது. ஒப்பந்தம் போட்ட கட்டுக்கும் நீதிமன்றம் தானாகப் போடும் கட்டுக்கும் இடையிலுள்ள இந்தக் கோட்டைச் செய்திகள் பெரும்பாலும் அழித்துவிடுகின்றன.

டெல்லியின் வைப்பீட்டு வழக்கத்தில் எனக்கு இரண்டு கவலைகள் உண்டு. வைப்பீட்டை அளக்க நீதிமன்றம் பார்ப்பது மற்ற நிறுவனங்களோடு உரிமையாளர் செய்த பழைய ஒப்பந்தங்களை. அவை ரகசியமானவை, 2022-ஆம் ஆண்டு டெல்லி உயர் நீதிமன்றக் காப்புரிமை விதிகளின்படி அமையும் ரகசியக் குழுவுக்குள் இருப்பவர்கள்தான் அவற்றைப் பார்க்க முடியும். புதிதாகத் தொழிலுக்கு வரும் சிறு தயாரிப்பாளருக்கு, ஒரு போனுக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்றே தெரியாது; வழக்கு வந்த பிறகுதான் தெரியும். இரண்டாவது, தடை எப்போது வரும் என்பதும் நீதிபதியின் மதிப்பீட்டையே பொறுத்திருக்கிறது. பெரிய நிறுவனம் இந்த நிச்சயமின்மையைத் தாங்கும். சிறியது, முதல் நோட்டீசிலேயே கேட்ட விலைக்குக் கையெழுத்திட்டுவிடும்.

இதைச் சரிசெய்ய நாடாளுமன்றத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. இந்தியாவுக்கென்று டி.எஸ்.டி.எஸ்.ஐ. என்ற தொலைத்தொடர்புத் தரநிலை அமைப்பு இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் பங்களிப்போடு உருவான 5ஜிஐ நுட்பத்தை அது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வரை கொண்டுபோய் ஏற்கச் செய்தது. அதன் காப்புரிமைக் கொள்கையும் ஃபிராண்ட் உறுதிமொழியையே கேட்கிறது. அந்த உறுதிமொழிப் படிவத்தில் மூன்று வாக்கியங்களைச் சேர்க்கலாம். ஒன்று, இதன் பயனாளிகள் யார், அவர்கள் இதை நேரடியாக வலியுறுத்தலாம் என்று. இந்திய ஒப்பந்தச் சட்டம் இதை எவ்வளவு தூரம் ஏற்கும் என்பது விவாதத்துக்குரியது. ஆனாலும் உறுப்பினர்கள் ஒருவரையொருவர் கட்டுப்படுத்த அது போதும். இரண்டு, முதல் மேல்முறையீடு முடியும் வரை தடையாணை இல்லை என்று. மூன்று, தயாரிப்பாளர் நோட்டீஸ் பெற்ற நாளிலிருந்து, இரு தரப்பும் சொல்லும் விலைகளில் குறைந்ததையாவது வைப்பீடு செய்ய வேண்டும், தவறினால் இரண்டாவது வாக்கியத்தின் பாதுகாப்பு அவருக்குக் கிடையாது என்று. உரிமையாளர்களும் தயாரிப்பாளர்களும் ஒரே மேசையில் உறுப்பினர்களாக இருக்கும் அமைப்பு அது. இந்த வாக்கியங்களை முன்மொழிய எந்த உறுப்பினராலும் முடியும்.